ஒரு நூல் குறைந்த கார்டு

எட்வின்,

நேற்றுப் பூசையில் உனக்கும் சகாயாவுக்கும் முதல் ஓலை வாசித்தார்கள். நம் பங்கைச் சேர்ந்த, தற்போது டொராண்டோவில் வேலை பார்க்கும் இன்னார் மகனுக்கும், திருவாரூர்ப் பங்கைச் சேர்ந்த இன்னார் மகளுக்கும் பாஸ்கா கழிந்து திருமணம், இதற்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் படித்தபோது, எழுந்து நின்று எனக்கு ஒரு தடை தெரியும் சாமி என்று சொல்லலாமா என்றிருந்தது. பையனுக்கு முப்பத்து மூன்று வயதாகிறது, இன்னும் பபுள்கம்மோடு வந்த கிரிக்கெட் கார்டுகளை வைத்துக்கொண்டு திரிகிறான், இவனுக்குப் பெண் கொடுப்பது பாவம் என்று சொல்லியிருப்பேன். பக்கத்தில் நின்ற உன் அப்பா, "சும்மா இரு" என்று முணுமுணுத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லையே என்றேன். "சொல்லப்போற மூஞ்சி எனக்குத் தெரியாதா?" என்றார்.

அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லலாம். ஆனால் போனில் நான் ஒன்று கேட்டால் நீ ஒன்று சொல்கிறாய். கல்யாணக் கோட்டுக்கு அளவு எடுத்து அனுப்பு என்று போன வாரம் கேட்டேன். "என் பெட்டி இருக்கிற ரூம்ல சுவர் ஓதம் காக்குதான்னு பாத்தியாம்மா?" என்று கேட்டாய். மண்டபத்துக்கு எத்தனை பேரைச் சொல்வது என்று கேட்டேன். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போடச் சொன்னாய். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து மஸ்கட்டுக்கும் மலேசியாவுக்கும் ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்தவள் நான். பெற்ற பிள்ளையோடு மட்டும் எனக்கு லைன் கிடைப்பதில்லை. கடிதமென்றால் நீ குறுக்கே பேச முடியாது. முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும்.

இது எங்கே தொடங்கியது என்று உன் அப்பாவுக்குத் தெரியாது. அவர் அப்போது மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். நம் தெருவுக்குக் கேபிள் டிவி வந்த புதிது. அதுவரை ரேடியோவில் ஸ்கோர் கேட்டுக்கொண்டிருந்த ஊர், ஒரே மாதத்தில் ராத்திரி பகலென்று பார்க்காமல் கிரிக்கெட் பார்க்க ஆரம்பித்தது. அதோடு சேர்ந்து பெட்டிக்கடைக்கு அந்தப் பபுள்கம்மும் வந்தது. பொட்டலத்துக்குள் ஒரு கார்டு, முன்னால் ஆட்டக்காரர் படம், பின்னால் அவர் எடுத்த ரன், விக்கெட். உனக்குக் கம் பிடிக்காது. கார்டு மட்டும்தான் வேண்டும். கம்மையெல்லாம் உன் தங்கச்சி லீனா வாயில் திணித்தாய். அவளும் அண்ணன் கொடுக்கிறான் என்று மென்றுகொண்டே இருந்தாள். கடைசியில் கடைவாய்ப் பல் சொத்தையாகி, தஞ்சாவூருக்குப் பல் டாக்டரிடம் அவளைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நான். அந்தப் பேருந்தில் அவள் வலியில் அழுதுகொண்டு வருகிறாள், நீ ஜன்னலோரம் உட்கார்ந்து, "லீனா, தஞ்சாவூர் கடையில வேற கார்டு இருக்கும்ல?" என்று கேட்கிறாய். அன்றைக்கே உன்னைக் கண்டித்திருக்க வேண்டும். பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பக்கத்திலேயே ஒரு பெட்டிக்கடை இருந்தது, அதுவும் என் கெட்ட நேரம்.

பிறகு அந்த ரிமோட் கார். அப்பா லீவில் வந்தபோது உனக்காக மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்தது. சிவப்பு நிறம், முன்னால் இரண்டு விளக்கு எரியும். தெருவே திரண்டு வந்து பார்த்தது. அவர் ஊரில் இருக்கும்போதே, அந்தக் காரின் பளபளப்புப் போவதற்கு முன்பே, நீ அதைக் கொண்டுபோய் எதிர்வீட்டு ரஃபியிடம் கொடுத்துவிட்டு ஒரே ஒரு கார்டு வாங்கி வந்தாய். ஒரு கார்டு. எனக்கு வந்த கோபத்தில் உன் கையைப் பிடித்துத் தரதரவென்று ரஃபி வீட்டுக்கு இழுத்துப்போனேன். ரஃபி அம்மா நல்ல மனுஷி. "சின்னப் புள்ளைங்க விஷயம், எடுத்துட்டுப் போங்க அக்கா" என்று காரை எடுத்து நீட்டினார். நீ இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "நான் ஒத்துக்கிட்டுத்தான் மாத்துனேன். திருப்பி வாங்க மாட்டேன்" என்று நின்றாய். ரஃபி அழுகிறான், ரஃபி அம்மா சிரிக்கிறார், நான் கையில் காரோடு நிற்கிறேன். கடைசியில் காரை அங்கேயே வைத்துவிட்டுத்தான் வந்தோம். உன் அப்பா வருத்தப்படுவார் என்று நினைத்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பேச்சு பேச்சுதானே. அவன் சொன்னது நியாயந்தான்" என்றார். இப்படி அப்பாவும் மகனும் நியாயம் பேசியே என்னை இந்த வயதுக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள்.

காலேஜுக்குப் போனாய், மறந்துவிட்டாய் என்று நிம்மதியாக இருந்தேன். கனடா போனாய், வேலை கிடைத்தது, இனி கல்யாணம்தான் என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அங்கே போய்த்தான் உனக்கு வியாதி முற்றியது. சனிக்கிழமையானால் ஏதோ ஹாலில் கார்டு சந்தை, அதற்குப் பனியில் இரண்டு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போகிறாய். வாங்கிய கார்டை அமெரிக்காவில் ஒரு கம்பெனிக்கு இன்சூரன்ஸ் போட்டுத் தபாலில் அனுப்புகிறாய். அவர்கள் நாலு மூலையைப் பார்க்கிறார்கள், நாலு ஓரத்தைப் பார்க்கிறார்கள், மேல்பக்கத்தில் கீறல் இருக்கிறதா, படம் சரியாக நடுவில் அச்சாகியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள், பிறகு ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு மார்க் போட்டு, உடைத்தாலொழியத் திறக்க முடியாத பிளாஸ்டிக்கில் அடைத்து அனுப்புகிறார்கள். அதற்கு ஸ்லாப் என்று பெயராம். ஸ்லாப் என்றால் எனக்குத் தெரிந்து சமையலறையில் பாத்திரம் அடுக்குகிற இடம். ஒருநாள் வீடியோ காலில் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "ஒம்பது வந்துருக்கும்மா, பத்து வர வேண்டியது, கீழ் மூலைதான் கெடுத்துருச்சு" என்று நீ சொன்னபோது உன் குரல் தழுதழுத்தது. பத்தாம் வகுப்பில் கணக்கில் முக்கித் தக்கிப் பாஸ் பண்ணினாயே, அப்போது வராத அழுகை.

உன் பழைய கார்டுகளை நான் தூக்கிப் போட்டிருப்பேன் என்று உன் சிநேகிதர்கள் எல்லாம் சொன்னார்களாமே. ஊர் உலகத்து அம்மாக்கள் எல்லாம் அப்படித்தான் செய்தார்களாம். நான் செய்யவில்லை. டீம் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டுக்கும் ரப்பர் பேண்டு போட்டு, பூச்சி அரிக்காமல் நாப்தலின் உருண்டை போட்டு, டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன். புயல் அடித்த வருஷம் தோப்பில் பாதித் தென்னை சாய்ந்து, ஓடு பறந்து, வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நின்றதே, அப்போது உன் அப்பா முதலில் தூக்கிப் பரணில் வைத்தது எதை என்று நினைக்கிறாய்? நிலத்துப் பட்டாவும் சிட்டாவும் பீரோவின் கீழ்த்தட்டில் ஊறிக்கொண்டிருந்தன. அவர் உன் டிரங்குப் பெட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். பட்டாவுக்கு நகல் கேட்டுத் தாலுகா ஆபீசுக்கு நடந்தவள் நான். இவ்வளவும் செய்து, போன மார்கழியில் நீ வந்ததும் பெருமையாகப் பெட்டியைத் திறந்து காட்டினால், நீ ஒரு கட்டைக் கையில் எடுத்தாய், தலையில் கை வைத்தாய். "ரப்பர் பேண்டு போட்டியாம்மா? ஓரத்தையெல்லாம் கடிச்சு வச்சிருக்கு பாரு. இந்த வாசனை இனிமே போகாதும்மா" என்றாய். எட்வின், பெற்றவளிடம் பேசுகிற பேச்சா அது? நன்றி என்று ஒரு வார்த்தை அன்றைக்கு வரவில்லை, இன்றைக்கு வரைக்கும் வரவில்லை.

சரி, திருவாரூருக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

பெரியம்மா கொண்டுவந்த சம்பந்தம் அது. பெண்ணின் அப்பா நெல் அறவை மில் வைத்திருக்கிறார், பெண் தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள், அண்ணன் பீட்டர் மில்லைப் பார்த்துக்கொள்கிறான், துபாய் போகும் யோசனையில் இருக்கிறான். பொங்கல் முடிந்து பெரியம்மாவையும் சேர்த்து நாம் நாலு பேரும் போனோம். வழியெல்லாம் சம்பா அறுப்பு, அறுவடை மெஷின் ரோட்டை அடைத்துக்கொண்டு போனதால் மன்னார்குடி தாண்டவே நேரமாகிவிட்டது. மில்லை ஒட்டி வீடு. நெல் அவிக்கிற வாசம் கூடம் வரைக்கும் வந்தது. மரியாதையான மனிதர்கள். கேசரி, பஜ்ஜி, எல்லாம் தயாராக இருந்தது. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பெரியம்மா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால். "எங்க புள்ளையும் கார்டு சேர்ப்பான், உங்க வீட்லயும் இருக்குன்னு சொன்னீங்களே" என்று எடுத்துக் கொடுத்தார். பீட்டர் உள்ளே ஓடி ஒரு ஆல்பத்தை எடுத்து வந்து உன் மடியில் வைத்தான். நீ சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்தாய். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை சட்டைப் பையில் லென்ஸ் வைத்திருப்பதை இந்த ஜில்லாவில் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்திருப்பார்கள்.

சகாயா காபித் தட்டோடு வந்தாள். பச்சைப் பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. அப்பாவுக்குக் கொடுத்தாள், எனக்குக் கொடுத்தாள், உன் முன்னால் வந்து நின்றாள். நீ தலையைத் தூக்கவில்லை. "அந்தப் பக்கம் வச்சிருங்க, கார்டு மேல சிந்திடும்" என்றாய். நான் உன் காலை மிதித்தேன். நீ காலை இழுத்துக்கொண்டாய். அவள் காபியை ஸ்டூலில் வைத்துவிட்டு அண்ணன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள்.

"எப்படிங்க, நல்லாருக்கா?" என்று பீட்டர் ஒரு கார்டைக் காட்டிக் கேட்டான். "இது ரொம்பப் பேர்கிட்ட இல்லையாம். சென்னையில ஒருத்தர் கேட்டுருக்காரு. அடுத்த வாரம் நேர்ல வர்றாரு."

நீ அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாய். புரட்டினாய். பிறகு இன்னொரு பையிலிருந்து ஸ்கேலை எடுத்தாய். "இது வெட்டுன கார்டு" என்றாய்.

"என்னது?"

"ஓரத்தைக் கத்திரியால வெட்டியிருக்காங்க. அகலத்துல ஒரு நூல் கம்மி. இதை முழுசுன்னு சொல்லி வித்தா ஏமாத்துதான்."

பெண்ணின் அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரை ஏமாத்துக்காரன்னு சொல்றீங்க தம்பி?" என்று கேட்டார்.

"நான் ஆளைச் சொல்லலைங்க. கார்டைத்தான் சொன்னேன்" என்றாய். என்னமோ அதனால் எல்லாம் சரியாகிவிடும் போல. பீட்டர் ஆல்பத்தை உன் மடியிலிருந்து எடுத்துக்கொண்டான். அவன் காது மடல் சிவந்திருந்தது. துபாய் போவதைப் பற்றி அவன் அந்தக் கார்டை நம்பித்தான் பேசிக்கொண்டிருந்தான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பெரியம்மா, "கேசரி நல்லாருக்கு, நெய் எங்க வாங்குனீங்க?" என்று கேட்டுப் பார்த்தார். பெண்ணின் அப்பா எழுந்து, "காபியைக் குடிச்சிட்டுக் கெளம்புங்க. மெஷின் ரோட்டுல நிக்கும், நேரமாயிரும்" என்றார். அதற்கு மேல் என்ன இருக்கிறது?

காரில் மன்னார்குடி தாண்டியதும் நான் ஆரம்பித்தேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பியபடி, "என்னைப் பொய் சொல்லச் சொல்றியாம்மா?" என்று கேட்டாய்.

"பொய் சொல்ல வேண்டாம். வாயை மூடிக்கிட்டு இருன்னுதான் சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

ஒன்றில்லை, எட்வின். அன்றைக்கு ஆத்திரத்தில் எனக்குச் சொல்ல வரவில்லை, இப்போது சொல்கிறேன். பொய்க்கும் வாய் திறக்காமல் இருப்பதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. பீட்டரைத் தனியாக வாசலுக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். மறுநாள் போனில் சொல்லியிருக்கலாம். சென்னைக்காரர் வருவதற்கு ஒரு வாரம் இருந்தது. உண்மை அதற்குள் எங்கேயும் ஓடிப்போயிருக்காது. உனக்கு அந்தக் கணத்தில் சொல்லியாக வேண்டும், அதுவும் நாலு பேர் நடுவில். அது உண்மையின் மேல் உள்ள ஆசை மட்டுமில்லை, கண்டுபிடித்துவிட்டேன் என்ற கர்வமும் அதில் கலந்திருந்தது. உன் முகத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அப்பா முன் சீட்டிலிருந்து திரும்பி, "விடு, அவன் சொன்னது நியாயந்தானே" என்று சொன்னதும் எனக்கு வந்த கோபத்தில் வீடு வந்து சேரும் வரை அவரோடும் பேசவில்லை.

அந்தச் சம்பந்தம் முடிந்தது என்று பெரியம்மா போனில் சொல்லிவிட்டார். நீ லீவு முடியப் போகிறதே என்ற கவலைகூட இல்லாமல், ரப்பர் பேண்டு கடித்த ஓரங்களை நீவிக்கொண்டிருந்தாய். அப்போதுதான் எனக்கு ஒரு போன் வந்தது. "ஆன்ட்டி, நான் சகாயா பேசுறேன். உங்க நம்பரை உங்க அக்காகிட்ட வாங்குனேன். தப்பா நெனைச்சுக்காதீங்க" என்றாள். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவள் விடவில்லை. "அந்தக் கார்டை வெட்டுனது நான்தான் ஆன்ட்டி" என்றாள்.

அந்த ஆல்பம் முக்கால்வாசி அவளுடையதாம். சின்ன வயதில் அவள் சேர்த்தது. ஜாமென்ட்ரி பாக்சில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக, பாக்சுக்குள் அடங்காத கார்டையெல்லாம் கத்திரியால் ஓரம் நறுக்கியிருக்கிறாள். பெண் பிள்ளைக்கு எதற்கு இது என்று பிறகு அண்ணனிடம் போய்விட்டது. சென்னைக்காரர் கேட்டிருக்கிறார் என்றதுமே அவள் பீட்டரிடம் சொல்லிப் பார்த்தாளாம். வெட்டினால் என்ன, யாருக்குத் தெரியப்போகிறது என்று அவன் சிரித்திருக்கிறான். "உங்க பையன் அளந்து சொன்னப்ப எனக்குப் பெரிய நிம்மதியா இருந்துச்சு ஆன்ட்டி. நீங்க போனப்புறம் வீட்டுல நானும் உண்மையைச் சொல்லிட்டேன். அப்பா ரெண்டு நாள் எங்கிட்டப் பேசல. இப்ப அண்ணனே சென்னைக்குப் போன் பண்ணி, வெட்டுன கார்டுன்னு சொல்லிட்டான். அவர் வேண்டாம்னுட்டாரு." நான் போனை வைக்கப் போனேன். "ஆனா உங்க பையன் என் மூஞ்சியைப் பாக்கவே இல்ல. அதையும் அவர்கிட்ட சொல்லிடுங்க" என்றாள்.

எனக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துவிட்டது. அவள் அப்பாவோடும் பேசினேன். அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. "பையன் சொன்னது பொய்யில்லம்மா. ஆனா எங்க வீட்டு நாற்காலியில உக்காந்துக்கிட்டு, எம்புள்ளையை எல்லார் முன்னாடியும் தலைகுனிய வச்சான். வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும்." சகாயா சொன்னதையும் இதையும் உன்னிடம் சொன்னால் நீ என்ன சொன்னாய்? "தப்பா சொல்லியிருந்தாத்தானே மன்னிப்பு? அளந்துதானே சொன்னேன்?" என்றாய். ரஃபி வீட்டு வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற அதே நிற்பு. உன்னோடு மல்லுக்கட்டி எனக்குத் தொண்டை கட்டிப்போனது. கடைசியில் சகாயா பார்த்துக்கொள்ளட்டும் என்று உன்னைத் தஞ்சாவூருக்கு இழுத்துப்போனேன். அவள் ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள பேக்கரியில் நீங்கள் இருவரும் ஒரு மேஜையில், நானும் அப்பாவும் அடுத்த மேஜையில். ஒட்டுக் கேட்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காது, தானாகக் கேட்கிறது, நான் என்ன செய்ய?

நீ ஆரம்பத்திலேயே, "வெட்டுன துண்டையெல்லாம் என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டாய். எனக்கு மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. அவள் சிரித்தாள். "புக்குல அடையாளம் வச்சேன்" என்றாள். நீயும் சிரித்தாய். பிறகு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீங்க அளந்தது சரி. நான் வேலை பாக்குறது லேப்ல. தப்பு ரிசல்ட்டும் வரும், சரியான ரிசல்ட்டும் வரும். சரியானதுதான் சொல்றதுக்குக் கஷ்டம். நோயாளியை உள்ள கூப்புட்டு, உக்கார வச்சு, டாக்டர் சொல்லுவாரு. வராண்டாவுல நின்னு சத்தமாப் படிக்க மாட்டாங்க" என்றாள். நீ பப்ஸை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாய். அதுதான் முதல் தடவை. நான் இத்தனை வருஷம் கத்தியதை அந்தப் பெண் ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டாள். எனக்குச் சந்தோஷம்தான். கொஞ்சம் எரிச்சலும் இருந்தது என்பதை மறைக்கவில்லை.

திருவாரூருக்கு நீயாகப் போனாய். நான் வரட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றாய். பீட்டரிடம் என்ன சொன்னாய் என்று சகாயாதான் சொன்னாள். "கார்டைப் பத்திச் சொன்னதை மாத்த முடியாதுங்க. ஆனா உங்களைத் தனியாக் கூப்புட்டுச் சொல்லியிருக்கணும். எல்லார் முன்னாடியும் சொன்னது என் தப்பு" என்றாயாம். பீட்டர், "வெட்டுனவளை உங்களுக்கே கட்டிக் குடுக்குறோம். அதை விட வேற தண்டனை எங்களுக்குத் தெரியல" என்றானாம். அவன் அப்பாவும் சிரித்துவிட்டார். அத்தோடு பேச்சு முடிந்து, நீ ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே நிச்சயமும் நடந்தது.

இப்போது ஓலை வாசித்தாயிற்று, இனிமேல் புத்தி சொல்வதில் பிரயோஜனம் இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் சொல்கிறேன். அவள் அங்கே வந்து புது ஊரில், பனியில், தெரியாத அடுப்பில் சமைப்பாள். சேலையைக் கட்டிக்கொண்டு எப்படி இருக்கிறது என்று கேட்பாள். அப்போது முந்தானை ஒரு நூல் ஏறியிருக்கிறது என்று ஆரம்பிக்காதே. சனிக்கிழமை கார்டு சந்தைக்கு அவளையும் கூட்டிப்போ, அவளுக்கும் பிடித்ததுதானே. ஆனால் எல்லாச் சனிக்கிழமையும் இல்லை. வீட்டில் உன் ஸ்லாப்புக்கு இடம் ஒதுக்குவதற்கு முன்னால் அவள் பெட்டிக்கு இடம் ஒதுக்கு. அப்புறம், உன் உலகத்தில் யாரும் கையில் எடுக்காத கார்டுக்குத்தான் பத்து மார்க், ஒரு பிள்ளை ஆசையாக எடுத்து விளையாடிய கார்டுக்கு ஒன்றோ இரண்டோ, இது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவே இல்லை, வீட்டை அப்படி வைத்துக்கொண்டால் அதில் யாரால் குடியிருக்க முடியும் என்று ஒரு பக்கம் எழுதி அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "பூசையில பிரசங்கம் கேட்டுட்டு வந்து அப்படியே எழுதுறியா?" என்றார். கிழித்துப் போட்டுவிட்டேன். உனக்குப் புரிந்திருக்கும்.

கடைசியாக ஒன்று. இதை நானே சொல்லிவிடுவது நல்லது. வேறு யாராவது சொல்லி நீ அங்கே மயங்கி விழ வேண்டாம். சனிக்கிழமை சகாயாவும் பீட்டரும் பத்திரிகை கொடுக்க வந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அவள் உன் பெட்டியைப் பார்க்க வேண்டும் என்றாள். திறந்து கொடுத்தேன். நீ உட்கார்ந்து உட்கார்ந்து பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தாயே, அந்தக் கார்டுகளை எல்லாம் அவள் உறையிலிருந்து உருவினாள். "ஐயையோ, அவன் என்னைக் கொன்னுடுவான்" என்றேன். "நான் சொல்லிக்கிறேன் அத்தை" என்றாள். கலைத்தாள். உன் அப்பாவுக்கு, பீட்டருக்கு, தனக்கு, எனக்கு என்று நாலு பங்காகப் பிரித்துச் சாப்பாட்டு மேஜையில் போட்டாள். ஆளுக்கு ஒரு கார்டு இறக்கி, பின்பக்கத்தில் யாருக்கு ரன் அதிகமோ அவர்களுக்கு மற்ற மூன்றும். உன் அப்பா ஒரு கையில் முறுக்கை வைத்துக்கொண்டே விளையாடினார். எண்ணெய் பட்டிருக்கிறது, பட்டதைப் பட்டது என்றுதானே சொல்ல வேண்டும். மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தபோதெல்லாம் உன்னோடு இதை ஆடத் தெரியாமல் போய்விட்டது என்று அவர் சகாயாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் இந்த நாள் வரைக்கும் சொன்னதில்லை.

ஆட்டம் முடிவதற்குள் அவர்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வருகிற சனிக்கிழமை வந்து மீதியை ஆடுவதாகவும் அதுவரை எதையும் கலைக்கக் கூடாது என்றும் சகாயா சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அப்பா பக்கம்தான் கார்டு அதிகம். அதனால் சாப்பாட்டு மேஜையில் நாலு கட்டும் அவரவர் இடத்தில் அப்படியே கிடக்கின்றன, நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஃபேனைப் போட்டால் கார்டு பறந்துவிடும் என்று உன் அப்பா சுவிட்சுப் பக்கமே என்னை விடவில்லை.

அம்மா